மாமல்லபுரத்துச் சிங்கமும் ஜமைக்காவின் முரசும்: ரஸ்தாஃபரிகளின் ஆப்பிரிக்கா எது?

கடற்கரைவாசி எழுதியது:

சென்ற மாதம் குடும்பத்துடன் மாமல்லபுரம் சென்றிருந்தேன். கடற்கரைக்கு இறங்கும் தெருவில், கல் பிள்ளையார்களுக்கும் சங்கு மாலைகளுக்கும் நடுவே சிவப்பு, மஞ்சள், பச்சை நூலில் பின்னிய தொப்பி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் கறுப்புக் கம்பளி நூலால் செய்த பொய்ச் சடைகளைத் தைத்திருந்தார்கள். பக்கத்தில் தொங்கிய சட்டையில் கிரீடம் தரித்த சிங்கம் ஒன்று முன்காலில் கொடி ஏந்தி நின்றது. “இது யாருடைய சிங்கம்?” என்று என் மகன் கேட்டதற்கு, கடைக்காரர் சற்றும் தயங்காமல் “பாப் மார்லி சிங்கம், தம்பி” என்றார்.

வீடு திரும்பிப் படித்துப் பார்த்தபோது அது எத்தியோப்பியப் பேரரசின் சின்னம் என்று தெரிந்தது. ஜமைக்கப் பாடகர் மார்லி பின்பற்றிய ரஸ்தாஃபரி என்ற சமய இயக்கம், அந்த நாட்டின் பேரரசரையே தெய்வமாகக் கொண்டாடுகிறதாம். அங்கேதான் என் குழப்பம் தொடங்கியது. ஜமைக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இன்றைய கானா, நைஜீரியா, காங்கோ ஆகிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள். எத்தியோப்பியா அந்தக் கண்டத்தின் மறு ஓரத்தில் இருக்கிறது. தங்கள் பாட்டன்மார் கண்ணாலும் கண்டிராத நாட்டின் மன்னரைத் தெய்வமென்றும், அந்த நாட்டைத் தாயகமென்றும் ஒரு மக்கள் கூட்டம் எப்படி ஏற்றுக்கொண்டது? அந்த ஆப்பிரிக்கத்தன்மையை உண்மையானது என்று சொல்லலாமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையநாளேடு எழுதியது:

நண்பர் கடற்கரைவாசியின் கேள்வி நியாயமானது. ஆனால் ‘எத்தியோப்பியா’ என்ற சொல்லை இன்றைய வரைபடத்தில் வைத்துப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு எழுத்தறிவு பெரும்பாலும் வேதாகமத்தின் வழியே வந்தது. அந்த நூலில் கானா இல்லை, காங்கோ இல்லை, ஆனால் எத்தியோப்பியா இருக்கிறது. “எத்தியோப்பியா தேவனை நோக்கிக் கையெடுக்கத் தீவிரிக்கும்” என்ற 68-ஆம் சங்கீதத்தின் வரியை, தங்களுக்கென்றே எழுதிவைத்த வாக்குறுதியாக அவர்கள் படித்தார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட போதகர் ஜார்ஜ் லைல், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜமைக்காவில் நிறுவிய தம் சபையை எத்தியோப்பிய பாப்திஸ்து சபை என்றுதான் அழைத்தார். ஆக, எத்தியோப்பியா என்பது முழுக் கறுப்பினத்துக்கும் ஆகிவந்த பெயராக நூறாண்டுகளுக்கு மேல் புழங்கியிருந்தது. ஜமைக்காவில் பிறந்த கறுப்பின உரிமைத் தலைவர் மார்க்கஸ் கார்வி 1914-இல் தம் இயக்கத்தைத் தொடங்கி, ஆப்பிரிக்கா ஆப்பிரிக்கருக்கே என்று முழங்கியபோது, அதைக் கேட்கும் காதுகள் தயாராக இருந்தன.

இந்தப் பின்னணியில் 1930 நவம்பர் 2 அன்று அடிஸ் அபாபாவில் நடந்த முடிசூட்டு விழாவை எண்ணிப் பாருங்கள். ராஸ் தஃபாரி என்று அறியப்பட்ட இளவரசர், ஹைலி செலாசி என்ற பெயருடன் ‘அரசர்க்கரசர்’, ‘யூதா கோத்திரத்துச் சிங்கம்’ ஆகிய பட்டங்களை ஏற்கிறார். பிரிட்டிஷ் மன்னரின் மகன் நேரில் வந்து விழாவில் அமர்ந்திருக்கிறார். அந்தப் படங்கள் நாளிதழ்களில் வெளியாகின்றன. பிரிட்டிஷ் காலனியில் கூலி வேலை பார்க்கும் ஒருவருக்கு, வேதாகமத்தின் இறுதி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில் படித்த அதே பட்டங்களைச் சூடிய கறுப்பின மன்னர் ஒருவரின் புகைப்படம் என்ன செய்திருக்கும்?

அதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர், ரஸ்தாஃபரி இயக்கத்தின் முதல் போதகர்களில் ஒருவரான லெனர்ட் ஹாவெல். செயின்ட் தாமஸ் மாவட்டத்தில் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, பேரரசரின் படத்தை ஒரு ஷில்லிங்குக்கு விற்றார். அந்தப் படமே எத்தியோப்பியா செல்வதற்கான கடவுச்சீட்டு என்று வாங்கியவர்களில் பலர் நம்பினார்கள். உங்கள் விசுவாசம் பிரிட்டிஷ் மன்னருக்கு அன்று, எத்தியோப்பிய மன்னருக்கே உரியது என்று பேசியதற்காக 1934-இல் மோரன்ட் பே நீதிமன்றம் அவருக்கு இரண்டாண்டுச் சிறை விதித்தது. 1865-இல் பால் போகிள் தலைமையில் எழுந்த கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டதும் இதே மோரன்ட் பேயில்தான். சிறை மீண்ட ஹாவெல் 1940-இல் பினக்கிள் என்ற மலைக் குடியிருப்பை உருவாக்கினார். 1954-இல் காவல்துறை அதைச் சிதைத்தது.

இவ்வளவையும் மரியாதையுடன் சொன்ன பிறகு, என் ஐயத்தையும் சொல்லியாக வேண்டும். ரஸ்தாஃபரிகள் சீயோன், அதாவது வாக்களிக்கப்பட்ட நாடு, என்று கொண்டாடிய எத்தியோப்பியா நிலப்பிரபுக்களின் நாடாக இருந்தது. அங்கே அடிமை முறை 1942-இல்தான் சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டது. கார்வியையே அவர்கள் தீர்க்கதரிசி என்கிறார்கள். ஆனால் இத்தாலியப் படையெடுப்பின்போது நாட்டைவிட்டு வெளியேறிய பேரரசரைக் கார்வி தம் இதழிலேயே கடுமையாகச் சாடினார். பேரரசரும் 1967-இல் கனடிய ஒலிபரப்பாளர் ஒருவரிடம், தாம் சாகக்கூடிய மனிதர்தாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆகவே இவர்களின் ஆப்பிரிக்கா காகிதத்தில் பிறந்த ஆப்பிரிக்கா என்பது என் கருத்து.

தாளக்கட்டு எழுதியது:

ஐயா பழையநாளேடு அவர்கள் எல்லாவற்றையும் காகிதத்தில் தேடியதால் காகிதம் கிடைத்திருக்கிறது. நான் இருபது ஆண்டுகளாக மிருதங்கம் வாசிப்பவன். இதை முரசின் பக்கமிருந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ரஸ்தாஃபரிகளின் வழிபாட்டு இசையை நியாபிங்கி என்பார்கள். அதில் மூன்று முரசுகள் உண்டு. பெரியது பேஸ். இரு தலைகள் கொண்ட அந்த முரசை, நுனியில் துணி சுற்றிய கோலால் அடிப்பார்கள். நான்கு எண்ணிக்கையில் முதல் எண்ணிக்கைக்குப் பேரடி விழும், மூன்றாவதற்கு அடக்கிய அடி விழும். அடுத்தது ஃபுண்டே. அது கையால் ‘தும்-தும்’ என்று இரட்டை இரட்டையாகத் தட்டப்படும். இடைவிடாமல், வேகம் கூடாமல், குறையாமல் ஒலிப்பதால் அதை இதயத் துடிப்பு என்றே சொல்கிறார்கள். மூன்றாவது ரிப்பீட்டர். சிறிய உடலும் இறுக்கமான தோலும் கொண்டது. அந்த ஒன்றுக்குத்தான் பேச உரிமை உண்டு. மற்ற இரண்டும் தரையாகக் கிடக்க, ரிப்பீட்டர் அதன்மேல் நடக்கும், தடுக்கும், தாவும்.

முதன்முறை கேட்டபோது எனக்கு எரிச்சலாகவே இருந்தது. பழக்க தோஷத்தால் எங்கே தீர்மானம் வரப்போகிறது, எங்கே கோர்வை கட்டப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. முடிவை நோக்கிப் போவது இந்த வாசிப்பின் வேலையே இல்லை என்பது உறைக்க எனக்குப் பல நாள்கள் ஆயின. இரவு முழுவதும் நெருப்பைச் சுற்றி அமர்ந்து, சங்கீதங்களைப் பாடியபடி ஓரிடத்திலேயே நிலைத்திருப்பதற்கான தாளம் அது.

கேள்விக்கு வருகிறேன். இந்த முரசுகள் எத்தியோப்பியாவிலிருந்து வந்தவை அல்ல. இவற்றின் நேர் மூதாதை, ஜமைக்காவின் தோட்டங்களிலும் பிறகு தலைநகர் கிங்ஸ்டனின் மேற்குச் சேரிகளிலும் வழங்கிய புரு முரசுகள். அவற்றிலும் இதே மூன்று பங்குகள், இதே பெயர்கள். கூடவே, அடிமை முறை ஒழிந்த பிறகு ஒப்பந்தக் கூலிகளாக வந்த காங்கோ மக்கள் செயின்ட் தாமஸ் மாவட்டத்தில் காத்துவந்த கூமினா வழிபாட்டின் தாளமும் இதில் கலந்திருக்கிறது. கவுன்ட் ஓசி என்று புகழ்பெற்ற ஆஸ்வால்ட் வில்லியம்ஸ், புரு கலைஞர்களிடம் கற்றவர். கிங்ஸ்டனின் கிழக்கே வாரெய்க்கா மலையடிவாரத்தில் இருந்த அவருடைய முகாமுக்கு, டான் டிரம்மண்ட், டாமி மக்குக் போன்ற ஜாஸ் கலைஞர்கள் ஊதுகருவிகளுடன் வந்து விடிய விடிய வாசித்தார்கள். 1960 வாக்கில் பிரின்ஸ் பஸ்டர் என்ற தயாரிப்பாளர் அவரை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்து வந்து ஃபோக்ஸ் சகோதரர்களின் பாடல் ஒன்றுக்கு வாசிக்கவைத்தார். சேரிக்காரர்களின் சத்தம் என்று மேட்டுக்குடியினர் முகம் சுளித்த முரசு, வானொலிக்குள் நுழைந்த தருணம் அது.

மனம் எத்தியோப்பியாவை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், கை காங்கோவை வாசித்துக்கொண்டிருந்தது. காகிதத்தில் பிறந்த ஆப்பிரிக்கா என்று ஐயா சொன்னது பாதிதான்.

கடற்கரைவாசி எழுதியது:

மிக்க நன்றி. அப்படியானால் ஓர் உபகேள்வி. காங்கோவின் கூமினா பக்கத்து ஊரிலேயே உயிரோடு இருந்ததென்றால், ரஸ்தாஃபரிகள் அதையே தங்கள் ஆப்பிரிக்கா என்று எடுத்துக்கொண்டிருக்கலாமே?

பழையநாளேடு எழுதியது:

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் அன்று, பலர் அதை வெறுத்தார்கள். கூமினாவில் மூதாதையரின் ஆவி மனிதர்மேல் இறங்கும். ரஸ்தாஃபரிகளுக்கு ஆவியேற்றமும் மாந்திரீகமும் அறியாமையின் அடையாளங்கள். கடவுள் உயிருள்ள மனிதருக்குள் இருக்கிறார், செத்தவர்களிடம் நமக்கு வேலை இல்லை என்பது அவர்கள் வாதம். அதன் பின்னால், பாப்திஸ்து மிஷனரிகளிடமிருந்து வந்த வெறுப்பும் ஒளிந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கையெட்டும் தூரத்தில் இருந்த ஆப்பிரிக்கச் சடங்கைத் தள்ளிவிட்டு, அதன் தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நண்பர் தாளக்கட்டு சொன்னதை ஏற்றுக்கொண்டு என் முந்தைய வரியைத் திருத்திக்கொள்கிறேன்: தலை காகிதத்தில், கை தோலில்.

சித்தர்வழி எழுதியது:

அன்பர்கள் முக்கியமான ஒன்றை மறைக்கிறீர்கள். சடைமுடி, கஞ்சா, புலால் மறுத்தல், குரு வழிபாடு ஆகிய எல்லாம் நம் சாதுக்களிடமிருந்து சென்றவை. ‘கஞ்சா’ என்ற சொல்லையே அவர்கள் பயன்படுத்துகிறார்கள். ரஸ்தாஃபரி என்பது கடல் கடந்த சைவம் என்றே சொல்லிவிடலாம்.

எழில்விழி எழுதியது:

யாரும் எதையும் மறைக்கவில்லை. சித்தர்வழி அவர்கள் சொன்னதில் உண்மையான பகுதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 1845 முதல் எழுபதாண்டுக் காலத்தில் சுமார் 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகம் வழியாகச் சென்ற போஜ்புரி, அவதி பேசும் மக்கள். சென்னையிலிருந்து கப்பலேறியவர்கள் சிறு பகுதியினரே. கஞ்சா என்ற பெயரும், அதைப் புகைக்கும் சில்லமும் இவர்களோடு சென்றவை. 1913-இல் காலனி அரசு கஞ்சாவுக்கு எதிராக இயற்றிய சட்டத்திலும் அதே பெயர்தான். ஹாவெல் தம் சிறு நூலை 1935-இல் ‘ஜி. ஜி. மராக்’, அதாவது கங்குங்குரு மராக், என்ற புனைபெயரில் வெளியிட்டார். அந்தப் பெயரில் குருவும் மகாராஜும் ஒலிப்பது நம் காதுக்கு உடனே கேட்கும். தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் கரும்பு வெட்டியவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றிருப்பார்கள் என்பதில் வியப்பில்லை.

சடை வேறு கதை. ஹாவெல் சடை வளர்த்தவர் அல்லர். சடையை அடையாளமாக்கியது அடுத்த தலைமுறை. 1949-இல் கிங்ஸ்டனின் டிரெஞ்ச் டவுன் பகுதியில் தோன்றிய இளைஞர் குழு ஒன்றுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்தில் வரும் நசரேய விரதத்தை, அதாவது சவரக் கத்தி தலையில் படக்கூடாது என்பதை, அவர்கள் காரணமாகச் சொல்கிறார்கள். 1950-களில் நாளிதழ்களில் வந்த, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த சடைமுடிக் கென்ய மாவ் மாவ் போராளிகளின் படங்களைச் சிலர் காரணமாகக் காட்டுகிறார்கள். இந்தியச் சாதுக்கள் என்பது மூன்றாவது கருத்து. இம்மூன்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, “எல்லாம் நம்மிடமிருந்து போனது” என்று முடிப்பது, முந்நூறாண்டு அடிமை வாழ்வுக்குப் பிறகு ஒரு மக்கள் தாங்களே உருவாக்கிக்கொண்ட ஒன்றை மறுபடியும் அவர்களிடமிருந்து பறிப்பதாகும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவள் என்பதால், அவர்களின் மொழியைப் பற்றியும் சில வரிகள். ஜமைக்கப் பேச்சுமொழியில் எழுவாயாக வந்தாலும் செயப்படுபொருளாக வந்தாலும் தன்னைக் குறிக்க ‘மீ’ என்ற ஒரே சொல்தான். பிறர் செய்வதைப் பட்டுக்கொள்பவனின் சொல் அது என்று ரஸ்தாஃபரிகள் ஒதுக்கினார்கள். அதற்குப் பதிலாக எல்லா இடத்திலும் ‘ஐ’ வைத்தார்கள். ‘நாம்’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘ஐ அன்ட் ஐ’ என்பார்கள். இதைத் தமிழில் எப்படி வைப்பது? ‘நானும் நானும்’ என்றால் சிரிப்பு வருகிறது. கேட்பவரையும் உள்ளடக்கும் நம் ‘நாம்’ ஓரளவு நெருங்கி வருகிறது. ஆனால் அவர்களின் சொல்லில் கடவுளும் உள்ளே நிற்கிறார். பேரரசரின் பெயருக்குப் பின்னால் ‘முதலாம்’ என்பதைக் குறிக்கும் ரோமன் எண்ணைக்கூட அவர்கள் ‘ஐ’ என்றே வாசித்தார்கள். ஒடுக்குதலைக் குறிக்கும் ‘ஆப்ரெஷன்’ என்ற சொல்லில் மேலே தூக்குவதைச் சொல்லும் ‘அப்’ ஒலிப்பது தவறு என்று, கீழே என்னும் பொருள்படும்படி அதை ‘டவுன்பிரெஷன்’ ஆக்கினார்கள். எசமானனின் மொழியைத் தூக்கி எறிய முடியாத நிலையில், அதன் எலும்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிவைத்த வேலை இது. ஆப்பிரிக்க மொழி ஒன்றும் கையில் இல்லாதவர்கள் ஆங்கிலத்துக்குள்ளேயே வெட்டிக்கொண்ட தனிப் பாத்தி.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நண்பர் தாளக்கட்டு வருணித்த அந்த இரவு வழிபாட்டில், பல ரஸ்தா பிரிவுகளில் பெண்கள் முரசைத் தொடக்கூடாது. தலையை மூடியிருக்கவேண்டும், மாதவிலக்கு நாள்களில் விலகியிருக்கவேண்டும். மேடையில் மார்லியின் பின்னே நின்று பாடிய மூவரில் ஒருவரான ஜூடி மோவாட், 1979-இல் கறுப்பினப் பெண்ணையே தலைப்பாகக் கொண்ட தனி இசைத்தட்டை வெளியிட்டது இந்தச் சூழலுக்குள்ளிருந்துதான் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

நெறியாளர்:

‘எல்லாம் நம்முடையதே’ என்ற வகையில் மேலும் வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விவாதம் ரஸ்தாஃபரியைப் பற்றியது, அங்கேயே இருக்கட்டும்.

கேசட்காலம் எழுதியது:

என் தலைமுறைக்கு இது வேறு வழியாக வந்து சேர்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்த ஒரே வீட்டில், போனி எம் குழுவின் பாபிலோன் ஆறுகள் பாட்டு தேய்ந்துபோகும்வரை ஓடியது. “பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்” என்ற 137-ஆம் சங்கீதமே அது என்பதால், எங்கள் கோயில்பிள்ளை ஐயாகூட முணுமுணுப்பார். அதைக் கிறிஸ்தவப் பாட்டு என்றுதான் நாற்பதாண்டுகள் நினைத்திருந்தேன்.

அண்மையில்தான் மூலத்தைக் கேட்டேன். மெலோடியன்ஸ் என்ற ஜமைக்கக் குழு 1970-இல் பாடியது. போனி எம் ‘கர்த்தரின் பாட்டு’ என்று பாடும் இடத்தில், இவர்கள் ‘ஆல்ஃபா மன்னரின் பாட்டு’ என்கிறார்கள். அந்த ஆல்ஃபா மன்னர் ஹைலி செலாசி. வாயின் வார்த்தைகளும் இருதயத்தின் தியானமும் உமக்குப் பிரியமாயிருப்பதாக என்று வேண்டும் இடத்தில், மூலத்தில் ‘ஃபார்-ஐ’ என்று பேரரசரை விளிக்கிறார்கள். 1978-இல் உலகம் முழுவதும் விற்ற பதிப்பில் அது ‘இன்றிரவு இங்கே’ என்று ஆகிவிட்டது. இரண்டே சொற்களை மாற்றியதும், ஓர் ஒடுக்கப்பட்ட மக்களின் வழிபாடு நடன அரங்கத்துக்கு உரியதாகிவிட்டது. முரசும் போய்விட்டது, அந்த இடத்தில் வேறு ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறது.

தாளக்கட்டு எழுதியது:

கேசட்காலம் ஐயா சொன்னதற்கு எதிர்த்திசையில் ஒரு நிகழ்ச்சி. 1963 அக்டோபர் 4 அன்று ஐக்கிய நாடுகள் அவையில் பேரரசர் உரையாற்றினார். ஓர் இனம் மேலானது, இன்னோர் இனம் கீழானது என்ற கோட்பாடு ஒழியும்வரை உலக அமைதி வெறும் கனவே என்பது அதில் ஒரு பகுதி. சம்பிரதாயமான, நீண்ட, அலுவலக நடையில் அமைந்த வாக்கியங்கள் அவை. 1976-இல் மார்லியின் குழு ஏறத்தாழ அவற்றை அப்படியே எடுத்து ‘போர்’ என்று பொருள்படும் பெயரில் பாடலாக்கியது. எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. பேஸ் கிட்டார் ஒரே வட்டத்தில் சுற்ற, மன்னரின் உரைநடை அதன்மேல் ஏறி நிற்கிறது. மார்லி பாடிய ஜமைக்க இசை வகையான ரெக்கேயில் முதல் அடி காலியாக விடப்பட்டு, மூன்றாவதில் பெருமுரசு விழுவதை ‘ஒன் டிராப்’ என்பார்கள். அந்தக் காலியிடத்தில்தான் அந்த நீண்ட வாக்கியங்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது.

பழையநாளேடு எழுதியது:

இதையெல்லாம் பேசும்போது அரசு என்ன செய்தது என்பதையும் பதிவு செய்யவேண்டும். விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறைவுறாத ஜமைக்காவில், 1963 ஏப்ரலில் மான்டிகோ பே அருகே கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் நிலத் தகராறு ஒன்று எட்டு உயிர்களைப் பலிகொண்டது. அதைக் காரணமாக வைத்து, சம்பந்தமே இல்லாத ரஸ்தாஃபரிகளை நூற்றுக்கணக்கில் பிடித்து அடித்து, சடையை அறுத்தார்கள். அது புனித வார நாள்களில் நடந்ததால் அவர்கள் அதைக் ‘கெட்ட வெள்ளி’ என்கிறார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது 2017-இல்.

சடை அறுத்து மூன்றே ஆண்டுகளில், 1966 ஏப்ரல் 21 அன்று பேரரசர் கிங்ஸ்டனில் வந்திறங்கினார். கூட்டம் காவலை உடைத்து ஓடுபாதைக்குள் புகுந்தது. விமானத்தின் இறக்கைக்குக் கீழேயே முரசும் புகையும். அவரால் இறங்கமுடியவில்லை. கடைசியில் அரசு, மார்ட்டிமர் பிளானோ என்ற ரஸ்தா மூத்தவரை அழைத்து, படியேறி நின்று கூட்டத்துக்கு வழிவிடச் சொல்லுமாறு கேட்கவேண்டியதாயிற்று. படிக்கட்டில் நின்ற அந்தச் சடைக்காரரின் புகைப்படம் எனக்கு மிகவும் பிடித்தது. ஹாவெல் விற்ற படத்தில் மன்னர் மட்டுமே இருந்தார். இந்தப் படத்தில் இவர்களும் இருக்கிறார்கள்.

எத்தியோப்பியாவின் ஷாஷமனே ஊரில், மேலைநாட்டுக் கறுப்பின மக்களுக்கென்று பேரரசர் 1948-இல் அளித்த நிலத்தில் சிலர் போய்க் குடியேறவும் செய்தார்கள். 1974-இல் அவர் ஆட்சி கவிழ்ந்தபின் அந்நிலத்தில் பெரும்பகுதி பறிபோனது. எஞ்சியவர்களுக்கு வதிவிட அடையாள அட்டை தர எத்தியோப்பிய அரசு முன்வந்தது 2017-இல்தான். சீயோனில் அவர்கள் அத்தனை ஆண்டுகள் வெளிநாட்டவராகவே இருந்தார்கள். அப்படியும் பலர் திரும்பவில்லை. என் முதல் பதிவில் இருந்த ஏளனத்தை இந்த இடத்தில் நான் திரும்பப் பெறுகிறேன், ஐயத்தை அல்ல.

கடற்கரைவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு மகனுடன் அமர்ந்து, கவுன்ட் ஓசி குழுவினர் 1973-இல் வெளியிட்ட மூன்று இசைத்தட்டுத் தொகுப்பைக் கேட்டேன். ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவான் என்று எண்ணினேன். சிறிது நேரத்தில் அவன் கை சாப்பாட்டு மேசைமேல் ஃபுண்டேயைத் தட்ட ஆரம்பித்தது, இரட்டை இரட்டையாக. ரிப்பீட்டர் நுழைந்ததும் அதைப் பிடிக்கப் பார்த்தான். முடியாமல் மறுபடி இரட்டைக்கே திரும்பினான்.

மாமல்லபுரத்தில் வாங்கிய தொப்பியை அவன் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டான். “பொய்ச் சடையை மட்டும் பிரித்துத் தரட்டுமா?” என்று என் மனைவி கேட்டார். கத்தரிக்கோலுடன் அமர்ந்து தையலை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளே ஒரு துணிச்சீட்டில் ‘திருப்பூர்’ என்று அச்சிட்டிருந்தது.